புரியாமல் தலையாட்டாதீர்கள்: ஜப்பானில் நான் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும்



நான் கெடா மாநிலம், சுங்கைப் பட்டாணி பக்கத்துப் பையன். இப்போது ஜப்பானில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கோயில், கல்யாண வீடு, மாமாக் கடை என்று எங்கே போனாலும் கேள்விகள் ஒரே மாதிரிதான் வரும். "அங்க குளிரு எப்படி தம்பி?" "சோறு கிடைக்குமா?" "மாசம் எவ்வளவு தராங்க?"

யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. "அங்க போய் நீ என்ன தப்பு பண்ணின?" என்பதுதான் அது. இந்தப் பாடத்தில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதப் போகிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு என் சாதனையை விட என் தவறுகள்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், எல்லோரும் கேட்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-இல் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். அதன் கீழ் மலேசிய மாணவர்கள் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் படிக்கப் போகத் தொடங்கினார்கள். நான் போனதும் அந்த வழிதான். எஸ்.பி.எம். முடிந்ததும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு ஆயத்த வகுப்பு. அங்கே ஜப்பானிய மொழியோடு கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் அந்த மொழியிலேயே படிக்க வேண்டும். பிறகு ஜப்பானில் நான்கு ஆண்டு பட்டப்படிப்பு. அங்கே கல்வி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். இதைத் தவிர ஜப்பானிய அரசாங்கம் தரும் உதவித்தொகையும் உண்டு. அதற்கு மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஜப்பானியத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பகுதிநேர வேலை செய்யலாம். ஆனால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்த வரம்பைத் தாண்டினால் விசாவுக்கே ஆபத்து. எனவே "யாருக்குத் தெரியும் லா" என்று சொல்கிற சீனியர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கும். சைவம் என்று நாம் நினைக்கும் சூப்பிலும் பெரும்பாலும் காய்ந்த மீன் சாறு இருக்கும். விமானம் ஏறுவதற்கு முன்பே மாடு, பன்றி, மீன் ஆகிய மூன்றுக்கும் உரிய கான்ஜி எழுத்துகளைப் பழகிக்கொள்ளுங்கள். உணவுப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தாலே பாதிக் கவலை போய்விடும்.

சரி, இனி பாடத்துக்கு வருவோம்.

முதல் பாடம்: 'ஹை' என்ற சொல்

ஜப்பானிய மொழியில் 'ஹை' என்றால் 'ஆமாம்' என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அங்கே போன பிறகுதான் அதற்கு இன்னொரு வேலையும் இருப்பது தெரிந்தது. ஒருவர் பேசும்போது கேட்பவர் இடையிடையே 'ஹை, ஹை' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நம் வீட்டில் பாட்டி கதை சொல்லும்போது நாம் 'ம்ம்' கொட்டுவோமே, அது போல. 'நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதுதான் அதன் பொருள். 'புரிந்தது' என்றோ 'ஒத்துக்கொள்கிறேன்' என்றோ அர்த்தமில்லை.

எனக்கு அந்தச் சொல் ஒளிந்துகொள்ள நல்ல இடமாகிவிட்டது. ஒரு வகுப்பு 90 நிமிடம் நடக்கும். பேராசிரியர் எழுதுவதில் பாதி எனக்குப் புரியாது. பக்கத்தில் இருக்கும் ஜப்பானிய நண்பன் திரும்பி, "சரிதானே?" என்று கேட்பான். "ஹை" என்பேன். ஆசிரியர் என்னைப் பார்த்து, "இதுவரை பிரச்சினை இல்லையே?" என்பார். அதற்கும் "ஹை". கேள்வி கேட்டால் என் மொழி தடுமாறும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், மலேசியாவிலிருந்து வந்தவன் மக்கு என்று நினைப்பார்கள். இதுதான் என் பயம். தமிழ்ப்பள்ளியில் கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொன்ன அதே பையன்தான் நான்.

இரண்டாம் ஆண்டு முதல் பருவத்தில் பொருள்களின் வலிமை பற்றிய பாடம் ஒன்று இருந்தது. ஒரு உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே வளையும், எங்கே முறியும் என்று கணக்கிடும் பாடம். இயந்திரப் பொறியியலுக்கும் கட்டுமானப் பொறியியலுக்கும் அதுதான் அடித்தளம். நான் சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போனேன். செப்டம்பரில் முடிவு வந்தது. தேர்ச்சிக்கு 60 புள்ளி வேண்டும். எனக்குக் கிடைத்தது 41.

அன்று இரவு அம்மா கூப்பிட்டார். அம்மா ஒரு எலெக்ட்ரானிக் பேக்டரியில் ஷிப்ட் வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்து, குளித்து, விளக்கேற்றிவிட்டுத்தான் எனக்குப் போன் போடுவார்.

"ரிசல்ட் வந்துருச்சாப்பா?"

"வந்துருச்சும்மா."

"நல்லா பண்ணியா?"

"ம்ம், நல்லா பண்ணியிருக்கேன்."

தமிழில் சொன்னாலும் அதுவும் ஒரு 'ஹை'தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இரண்டாம் பாடம்: முப்பது அட்டைகள்

அதே ஆண்டு நவம்பரில் பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளி ஒன்றுக்குப் போக எனக்கு அழைப்பு வந்தது. ஜப்பானில் பல பள்ளிகள் வெளிநாட்டு மாணவர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளிடம் அவரவர் நாட்டைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது நான்காம் வகுப்பு, ஏறக்குறைய முப்பது பிள்ளைகள்.

இரட்டைக் கோபுரம், செம்பருத்திப் பூ, டுரியான், நாசி லெமாக் என்று படங்களைக் காட்டினேன். டுரியானின் வாசனையை நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பாப்பா கையைத் தூக்கினாள்.

"உங்கள் நெற்றியில் வெள்ளையாக இருக்கிறதே, அது என்ன?"

திருநீறு. அம்மா பெட்டியில் வைத்து அனுப்பியது. தினமும் காலையில் பூசிக்கொண்டுதான் கிளம்புவேன். சின்ன வயதில் கோயில் தேவார வகுப்புக்கும் போயிருக்கிறேன். சம்பந்தரின் திருநீற்றுப் பதிகத்தைப் போட்டியில் பாடிப் பரிசு கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டு மனப்பாடம். பொருள் கேட்டதில்லை.

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜப்பானியக் கோயில்களில் 'ஓமமோரி' என்று சின்னத் துணிப்பையில் வைத்த ஒரு தாயத்து விற்பார்கள். தேர்வில் தேர்ச்சி பெற, விபத்து நேராமல் இருக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. "இதுவும் ஓமமோரி மாதிரிதான். பூசினால் அதிர்ஷ்டம் வரும்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். பிள்ளைகள் 'ஓ!' என்றார்கள். நானும் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

டிசம்பரில் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே பிள்ளைகள் எனக்கு எழுதிய முப்பது நன்றி அட்டைகள். ஒன்றில் இரட்டைக் கோபுரம் வரைந்திருந்தார்கள். கோபுரத்துக்குக் கீழே நின்ற அத்தனை பேர் நெற்றியிலும் மூன்று வெள்ளைக் கோடு. இன்னொன்றில், 'மலேசியாவில் எல்லோரும் அதிர்ஷ்டத்துக்காக நெற்றியில் வெள்ளைப் பொடி பூசுகிறார்கள் என்று கற்றுக்கொண்டேன்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. 'நானும் தேர்வுக்கு முன்னால் அதைப் பூச ஆசைப்படுகிறேன்' என்று ஒரு பையன் எழுதியிருந்தான்.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் தேர்வில் தவறாக எழுதினால் நட்டம் எனக்கு மட்டும்தான். தவறாகச் சொல்லிக்கொடுத்தபோது அது முப்பது வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் மலேசியாவைப் பற்றியும் நம் சமயத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டது நான் சொன்ன அந்தப் பொய்யைத்தான்.

அன்று இரவே பாட்டியைக் கூப்பிட்டேன். பாட்டி தோட்டத்தில் மரம் வெட்டியவர். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை.

"பாட்டி, நாம ஏன் திருநூறு பூசுறோம்?"

"சாமி கும்பிட்டா பூச வேண்டியதுதான். இதென்ன கேள்வி?"

"இல்ல பாட்டி, என்ன அர்த்தம்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "எரிச்சா மிஞ்சறது அதுதானய்யா. தோட்டத்துல கிராணியாரு செத்தாலும் சாம்பல்தான், மரம் வெட்டுறவன் செத்தாலும் சாம்பல்தான். காலையில அத நெத்தியில வச்சா, அன்னிக்குப் பூரா தலைக்கனம் வராது."

மறுநாள் அந்த வகுப்பாசிரியைக்கு எழுதினேன். "நான் பிள்ளைகளுக்குத் தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டேன். திருத்துவதற்குப் பத்து நிமிடம் தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் பிப்ரவரியில் ஒரு முழுப் பாடவேளையே கொடுத்தார், 45 நிமிடம்.

பிள்ளைகள் முன்னால் நின்று, "போன தடவை நான் சொன்னது தவறு" என்று தொடங்கினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. மலேசியாவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபா சரவாக் பூர்வகுடி மக்கள் எனப் பலரும் இருக்கிறோம், திருநீறு பூசுவது எல்லோருடைய வழக்கமும் இல்லை, இந்துக்களான எங்களுடைய வழக்கம் என்றேன். பசுஞ்சாணத்தைக் காயவைத்து எரித்துச் செய்வார்கள் என்றேன். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு பாட்டி சொன்னதைச் சொன்னேன்.

ஒரு பையன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "போன வருஷம் என் தாத்தாவை எரித்தார்கள். நானும் எலும்பு எடுத்தேன்" என்றான். ஜப்பானிலும் இறந்தவர்களைப் பெரும்பாலும் எரிப்பதுதான் வழக்கம். எரித்த பிறகு குடும்பத்தார் ஒன்றுகூடிக் குச்சிகளால் எலும்புகளை எடுத்துக் கலயத்தில் சேர்ப்பார்கள். நம் ஊரில் சாம்பல் கரைக்கப் போவது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பையனுக்குத் திருநீறு என்றால் என்ன என்று இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

நேரம் மீதி இருந்ததால் கரும்பலகையில் நம் எழுத்துகளை எழுதினேன். இது உங்களுக்கும் சுவையாக இருக்கும். அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து குறில்களை எழுதி வாசித்தேன். "எங்களுடையதும் அதேதான்!" என்று கத்தினார்கள். உண்மைதான். ஜப்பானியப் பிள்ளைகளும் 'அ, இ, உ, எ, ஒ' என்ற வரிசையில்தான் படிக்கிறார்கள். மெய்யெழுத்துக்கும் இது பொருந்தும். நம் வரிசையில் க முதல் வ வரை எழுதி, ங, ஞ, ட, ண, ல ஆகிய ஐந்தையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. அவர்கள் வரிசையும் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ'வும் பழங்காலத்தில் 'ப' என்றே ஒலித்தது.

இது தற்செயலாக நடந்ததில்லை. பௌத்தம் இந்தியாவிலிருந்து சீனா வழியாக ஜப்பானுக்குப் போனபோது, அங்குள்ள துறவிகள் மந்திரங்களைச் சரியாகச் சொல்வதற்காகச் சமஸ்கிருத எழுத்துகளைப் படித்தார்கள். இந்திய எழுத்துகளின் ஒலி வரிசை அப்படித்தான் அவர்களுடைய அகரவரிசைக்குள் வந்தது. நம் சரஸ்வதியும் அதே வழியாகப் போனவர்தான். அங்கே அவர் பெயர் பென்சைத்தென். கையில் வீணைக்குப் பதிலாகப் 'பிவா' என்ற நரம்புக் கருவியை வைத்திருப்பார்.

பிறகு ஒருநாள் நாரா நகரத்துக்குப் போனேன். அங்கே தோதாய்ஜி கோயிலில் மிகப்பெரிய வெண்கலப் புத்தர் சிலை இருக்கிறது. 752-இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் 736-இல் ஜப்பானுக்கு வந்து, அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுத்தவர். நம் கோயில்களிலும் சிலைக்குக் கண் திறப்பது உண்டு அல்லவா? போதிசேனர் பிடித்த தூரிகையில் நீண்ட நூலைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார்களாம். வெளிநாட்டில் போய்ச் சொல்லிக்கொடுப்பது நம் தலைமுறை கண்டுபிடித்த வேலை என்று நினைத்திருந்தேன். 1,200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கடல் தாண்டிப் போய் அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாம் பாடம்: பலகை எங்கே முறியும்?

மூன்றாம் ஆண்டு ஏப்ரலில், நான் தோற்ற பாடத்தைத் திரும்பப் படிக்கத் தொடங்கினேன். அதே வாரம் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு உதவ ஒரு மூத்த மாணவரை நியமிப்பார்கள். வியட்நாமிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு நான் உதவ வேண்டும் என்றார். நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்வது, வங்கிக் கணக்குத் திறப்பது இவற்றோடு முதலாண்டு இயற்பியலும் சொல்லித்தர வேண்டும்.

"சென்செய், நானே ஒரு பாடத்தில் தோற்றவன்" என்றேன்.

"தெரியும். எங்கே தோற்றாய் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "அப்படியென்றால் சொல்லிக்கொடுத்துப் பார்" என்றார்.

வாரம் இரண்டு முறை நூலகத்தில் உட்காருவோம். நான் விளக்குவேன். அந்தத் தம்பி "ஹை, ஹை" என்பான். "புரிந்ததா?" என்று கேட்பேன். "புரிந்தது" என்பான். நான்கு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு சிறு சோதனையில் அவன் வாங்கியது 100-க்கு 20.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "புரியலைன்னா சொல்ல வேண்டியதுதானே!" என்று மனத்துக்குள் திட்டினேன். அடுத்த நிமிடமே நெஞ்சில் குத்தியது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. இரண்டு ஆண்டாக நான் அணிந்திருந்த அதே சிரிப்பு.

அடுத்த முறை நான் சூத்திரம் எழுதவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"உங்க ஊர்ல வாய்க்கால் மேல பலகை போட்டு நடப்பீங்களா?"

"நடப்போம்."

"பலகை 2 மீட்டர் நீளம். நடுவுல ஒரு ஆள் நிக்கிறான். பலகை முறிஞ்சா எங்க முறியும்?"

"நடுவில்."

"மேல் பக்கம் விரிசல் விடுமா, கீழ்ப் பக்கமா?"

அவன் வாய் திறக்கவில்லை. சூத்திரம் அவனுக்குத் தெரியும். பதில் தெரியவில்லை. நான் ஒரு அழிப்பானை எடுத்து இரண்டு பேனா மேல் வைத்து, நடுவில் விரலால் அழுத்தினேன். மேல் பக்கம் நசுங்கியது. கீழ்ப் பக்கம் இழுபட்டது. "கீழே!" என்றான். அதன் பிறகுதான் கணக்கைப் போட்டோம். ஆளின் எடை ஏறக்குறைய 600 நியூட்டன். இரண்டு முனையும் பாதிப் பாதியாக 300, 300 தாங்கும். முனையிலிருந்து நடுவுக்கு 1 மீட்டர். ஆகவே நடுவில் பலகையை வளைக்கும் மொமெண்ட் 300 நியூட்டன் மீட்டர். இரண்டு முனையிலும் சைபர். ஆகவே முறிவது நடுவில்தான்.

அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை நின்றுவிட்டது. போன ஆண்டுத் தேர்வில் நான் இதே சூத்திரத்தை எழுதியிருந்தேன். எடையை நீளத்தால் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும் என்று மனப்பாடம். பாரம் நடுவில் இருந்தால் மட்டும்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். தேர்வில் பாரம் ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது. நானோ அதே சூத்திரத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தேன். எங்கே தோற்றேன் என்று எட்டு மாதம் கழித்து, இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் கண்டுபிடித்தேன்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "புரிந்ததா?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு வெட்கப்படுகிறவன் 'ஆமாம்' என்றுதான் சொல்வான். "இப்போ நீ எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்கிறேன். அவன் தடுமாறும் இடம் தெரிந்தால் அங்கிருந்து மறுபடி தொடங்குகிறோம்.

அம்மாவிடம் சொன்னது

அந்த இரவு அம்மா கூப்பிட்டபோது வழக்கம் போல, "நல்லா இருக்கியாப்பா?" என்றார். வாயில் 'நல்லா இருக்கேன்மா' என்பது வந்துவிட்டது. பிறகு சொன்னேன்.

"அம்மா, போன செப்டம்பர்ல நான் ஒரு பாடத்துல பெயிலு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இப்போ திரும்பப் படிக்கிறேன்."

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பின்னால் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"பெயிலானா திரும்ப எழுதலாம்டா. அது பெரிய விஷயம் இல்ல. அன்னிக்கு நீ நல்லா பண்ணியிருக்கேன்னு சொன்னதும் நான் கோயிலுக்குப் போயி அர்ச்சனை பண்ணினேன். எட்டு மாசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமிகிட்ட நன்றி சொல்லிட்டு வரேன். எதுக்குன்னு தெரியாமலே சொல்லியிருக்கேன்."

இதற்கு நான் என்ன சொல்வது? இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. கடைசியில் அம்மாவே, "மலேசியாவுக்கும் அங்கயும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். மனசு கஷ்டமா இருந்தா எந்த நேரமும் போன் பண்ணு. சரி, சாப்ட்டியா?" என்றார்.

ஆகஸ்டில் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதினேன். 78 புள்ளி. முடிவு வந்ததும் முதலில் அந்த வியட்நாம் தம்பியிடம் சொன்னேன், அடுத்து அம்மாவிடம். இந்தத் தடவை அம்மா செய்த அர்ச்சனைக்குக் காரணம் இருந்தது.

போகப் போகிறவர்களுக்கு

என் அனுபவத்திலிருந்து ஐந்து விஷயம் சொல்கிறேன்.

1. முதல் மாதத்திலேயே கேள்வி கேட்டுப் பழகுங்கள். புதிதாக வந்த மாணவன் தடுமாறிக் கேட்டால் எல்லோரும் உதவுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து அடிப்படையைக் கேட்க நமக்கே வெட்கமாக இருக்கும்.

2. 'எனக்கு இதுவரை புரிந்தது, இதற்குப் பிறகு புரியவில்லை' என்று சொல்வதற்கு அந்த நாட்டு மொழியில் ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். வணக்கம், நன்றி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எனக்கு அதிகம் உதவியது அந்த வாக்கியம்தான்.

3. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் தட்டிக் கழிக்காதீர்கள். முதல் மாணவனாக வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் விழுந்து எழுந்த இடத்தைச் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

4. நம் சமயம், மொழி, நாடு பற்றிப் பத்து வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கிருக்கும்போதே பதில் தேடி வையுங்கள். வெளிநாட்டில் நம்மைத் தவிர வேறு இந்துவையோ தமிழரையோ பார்க்காதவர்கள் நிறைய பேர். தெரியாததைத் 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்டும் சொல்லுங்கள்.

5. வீட்டுக்கு உண்மையைச் சொல்லுங்கள். கஷ்டப்படுவார்களே என்றுதான் மறைக்கிறோம். ஆனால் நம் பொய்யை நம்பி அவர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருப்பது அதை விடக் கஷ்டம்.

கூட்டத்தில் கலந்து பேச

அ) நீங்கள் புரியாமலே 'புரிந்தது' என்று சொன்ன ஒரு சந்தர்ப்பத்தை நினைத்துப் பாருங்கள். என்ன பயத்தால் சொன்னீர்கள்?

ஆ) திருநீறு, குங்குமம், விளக்கேற்றுவது, வாழையிலையில் சாப்பிடுவது ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பத்து வயதுச் சீனப் பிள்ளையாகவோ மலாய்ப் பிள்ளையாகவோ நினைத்து, இரண்டு நிமிடத்தில் விளக்குங்கள். அவர் திரும்ப உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கே தப்பாகிறது என்று கவனியுங்கள்.

இ) உங்கள் கூட்டத்துக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரு பாடம் எது? அடுத்த வாரமே தொடங்க முடியுமா?

இந்த ஏப்ரலில் எனக்கு நான்காம் ஆண்டு. ஆய்வுக்கூடத்தில் சேர வேண்டும். அந்த வியட்நாம் தம்பிக்கு இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. அவனுடைய அட்டவணையில் நான் தோற்ற அதே பாடம் இருக்கிறது. "எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம், நான் உங்களுக்குச் சொல்கிறேன், தப்பு இருந்தால் நிறுத்துங்கள்" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். போனதும் முதல் வேலை அதுதான்.